ஸ்மார்ட் வீடு மின்சாரத்தை மிச்சப்படுத்துமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

[திரையில்: ஸ்மார்ட் பல்பு ஒன்றின் அட்டைப்பெட்டி. மூலையில் பச்சை இலைச் சின்னம்.]

வணக்கம். தானாக அணையும் விளக்கு, தானாகக் குறையும் ஏசி, ஆள் இல்லாததை உணரும் சென்சார் என்று எதைப் பார்த்தாலும், மின்சாரம் மிச்சமாகும், சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்கள். எதோடு ஒப்பிட்டால் மிச்சம் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. என்னுடைய சந்தேகம் முழுவதும் அந்த இடத்தில்தான்.

[திரையில்: இரண்டு பல்புகள் அருகருகே. கீழே எண்கள் ஓடுகின்றன.]

சின்னதிலிருந்து தொடங்குவோம். 9 வாட் எல்இடி பல்பு ஒன்று தினமும் 3 மணி நேரம் எரிகிறது. செலவு 27 வாட்-மணி. அதே வெளிச்சம் தரும் ஸ்மார்ட் பல்பு அணைந்திருக்கும்போதும் வைஃபையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அரை வாட் என்று வைத்துக்கொள்வோம்; ஐரோப்பிய ஒன்றிய விதிகள் விளக்குகளுக்கு அனுமதிக்கும் உச்ச அளவு அதுதான். மீதி 21 மணி நேரத்துக்கு 10.5 வாட்-மணி. எரியாத விளக்குக்கு, எரியும் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

இந்தச் செலவை ஈடுகட்ட வேண்டுமானால், நாம் அணைக்க மறந்த விளக்கை அந்தப் பல்பு தினமும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் முன்னதாக அணைத்தாக வேண்டும். வெளியே போகும்போது சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகும் பழக்கம் உள்ள வீட்டில் அதற்கு வாய்ப்பே இல்லை. கூடவே, ஸ்மார்ட் சாதனங்களை இணைத்துக் கட்டுப்படுத்தும் 'ஹப்' என்ற பெட்டி 2 வாட் இழுத்துக்கொண்டு இருந்தால், அது ஒரு நாளைக்கு 48 வாட்-மணி. ஒரு விளக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி அந்த விளக்கைவிட அதிகம் தின்கிறது.

60 வாட் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் பல்பு போட்டவர், மின்கட்டணம் குறைந்தது என்று சொல்வார். உண்மைதான். ஆனால் குறைத்தது எல்இடி. சாதாரண எல்இடி போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

[திரையில்: சுவரில் பழைய தெர்மோஸ்டாட். சின்னத் திரை, சின்னப் பொத்தான்கள்.]

இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கதை, வீட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடையது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மின்சாரத்தைக் குறைவாகச் செலவிடும் சாதனங்களுக்கு எனர்ஜி ஸ்டார் என்ற முத்திரையைத் தருகிறது. நேரம் குறித்துவைத்தால் வீட்டின் வெப்பநிலையைத் தானே கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டுகளுக்கு 1995 முதல் அந்த முத்திரை கிடைத்தது. தாளில் கணக்கு கச்சிதமாக இருந்தது. இரவிலும் ஆள் இல்லாத பகலிலும் வெப்பத்தைக் குறைத்தால் எரிபொருள் மிச்சமாகத்தானே வேண்டும்?

வீடுகளுக்குள் போய்ப் பார்த்தபோது கதை மாறியது. பலர் அதில் நேரத்தைக் குறித்துவைக்கவே இல்லை. அவ்வளவு குழப்பமான பொத்தான்கள். ஒரே வெப்பநிலையில் நிற்கும்படி 'ஹோல்டு' போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். சில வீடுகளில் கடிகாரமே தப்பான நேரம் காட்டியது. இன்னொரு பக்கம், முன்பே தூங்கப் போகும்போது கையால் குறைத்து வந்தவர்களுக்குப் புதுச் சாதனம் மிச்சப்படுத்த எதுவும் மீதி இல்லை. எதிர்பார்த்த மிச்சம் நிரூபணமாகவில்லை. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அந்த முத்திரையை நிறுத்திக்கொண்டார்கள்.

கொடுத்த முத்திரையை ஓர் அரசு அமைப்பு திரும்பப் பெறுவது சாதாரண காரியம் அல்ல. அதை மனமாரப் பாராட்டுகிறேன். இணைய இணைப்புள்ள தெர்மோஸ்டாட்டுகளுக்கு 2017-இல் மீண்டும் முத்திரை தரத் தொடங்கியபோது, உண்மையான வீடுகளில் இயங்கியதன் தரவைக் காட்டினால்தான் ஏற்போம் என்று நிபந்தனை விதித்தார்கள். சராசரியாகச் சுமார் 8 சதவீதம் என்பது அவர்கள் இப்போது சொல்லும் கணக்கு. அதுவும் வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆகும் செலவில் மட்டும், மொத்த மின்கட்டணத்தில் அல்ல. அடக்கமான எண். அதனாலேயே நம்பத் தோன்றுகிறது.

[திரையில்: விளக்கு அணைந்த ஹப்.]

அடுத்தது ஆயுள். சாதாரண சுவிட்ச் பல பத்தாண்டுகள் உழைக்கும். ஸ்மார்ட் சாதனத்தின் ஆயுள் பல நேரங்களில் எங்கோ இருக்கும் சர்வரின் கையில். ரிவால்வ் என்ற ஹப்பைத் தயாரித்த நிறுவனத்தை, கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் நிறுவனம் 2014-இல் வாங்கியது; 2016 மே மாதம் சேவையை நிறுத்தியதும், நன்றாக இருந்த பெட்டிகள் எல்லாம் உபயோகமற்றுப் போயின. 2022 ஏப்ரலில், ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்கள் விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றன. பயன்படுத்தியவர்கள் சிலரே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கி உயிர் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

2022-இல் உலகம் வீசியெறிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐநா அமைப்புகளின் அறிக்கை. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். பழுதாகாத சாதனத்தையும் அந்தக் குவியலுக்கு அனுப்பும் ஏற்பாட்டை 'பசுமை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

[திரையில்: வாட்டர் ஹீட்டர், அருகில் டைமர்.]

அப்படியானால் தானியக்கமே வீணா? இல்லவே இல்லை. மின்சாரம் எங்கே போகிறதோ அங்கே வைக்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடாக்க ஏறக்குறைய மூன்றரை யூனிட், அதாவது 3,500 வாட்-மணி ஆகும். நாம் முதலில் பார்த்த சாதாரண எல்இடி பல்பை நான்கு மாதத்துக்கு மேல் எரிக்க அது போதும். கூரையில் சூரியத் தகடுகள் உள்ள வீட்டில், இந்த வேலையை மாலையிலிருந்து நண்பகலுக்கு மாற்றிவிட்டால், அனல்மின் நிலையத்திலிருந்து வர வேண்டியதைக் கூரையே கொடுத்துவிடும். தொட்டிக்கு நல்ல வெப்பக்காப்பு இருந்தால் மாலைவரை சூடு தாங்கும். இதற்கு செயலியும் வேண்டாம், சர்வரும் வேண்டாம். ஹீட்டரின் மின்னோட்டத்தைத் தாங்கும் டைமர் ஒன்று போதும்.

[திரையில்: பிளக்கில் செருகிய மின்அளவி.]

உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே எடுக்கலாம். பிளக்கில் செருகும் மின்அளவி ஒன்றை வாங்குங்கள். மலிவான அளவிகள் ஓரிரு வாட்டுக்குக் கீழே சரியாகக் காட்டாது. அதனால் ஹப், ஸ்பீக்கர், ஸ்மார்ட் பிளக் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டி, ஒரு வாரம் அப்படியே விட்டுவிடுங்கள். வந்த எண்ணை 52-ஆல் பெருக்கினால் ஓராண்டுச் செலவு. அதை எழுதி வைத்துக்கொண்டு, அந்தச் சாதனங்கள் எதை எவ்வளவு நேரம் அணைத்தன என்று பக்கத்திலேயே எழுதுங்கள். உங்களுக்கு வந்த எண்களைக் கருத்துப் பகுதியில் பதிவிடுங்கள். என் கணக்குக்கு எதிராக வந்திருந்தால் அவசியம் பதிவிடுங்கள்.