பதினோராம் எண் கூண்டு

(கடலூர் மஞ்சக்குப்பத்தில், சிறுதொழில் நடத்துபவர்களும் மேற்பார்வையாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் பயந்துபோயிருக்கும்போது நீங்கள் என்ன செய்யலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கடலூர்க்காரர்களிடம் வந்து பயத்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நம் ஊர்த் துறைமுகத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

புயல் எச்சரிக்கைக் கூண்டு மொத்தம் 11. 1 ஏறினால் தூரக் கடலில் ஏதோ உருவாகிறது. 10 ஏறினால் கடும் புயல் நம் துறைமுகத்தின் மேலேயோ பக்கத்திலேயோ கடக்கப் போகிறது. சரி, 11 என்றால் என்ன? முன்வரிசையில் ஒரு தம்பி “அதைவிடப் பெரிய புயல்” என்கிறார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துபோய்விட்டது, மோசமான வானிலை வரும் என்று உள்ளூர் அதிகாரி நினைக்கிறார் என்று அர்த்தம். தகவல் நின்றுபோனதற்கே தனியாக ஒரு கூண்டு வைத்திருக்கிறார்கள், அதுவும் பத்துக்கு அடுத்த இடத்தில்.

அந்தக் கூண்டை ஒருமுறை நானே ஏற்றியிருக்கிறேன். முள்ளோடை பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் உற்பத்திப் பொறுப்பு எனக்கு. நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். எங்களிடம் அதிகமாகச் சரக்கு வாங்கிக்கொண்டிருந்த சென்னை வாடிக்கையாளர் ஒருவர் ஆர்டரை நிறுத்தி வைத்தார். திரும்பத் தருவாரா என்று முதலாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அறைக் கதவையும் மூடிக்கொண்டேன். அதைப் பொறுப்பு என்றே நம்பினேன்.

அந்த வாரம் பார்த்து இரண்டு பேர் டேப்பும் கையுமாக வந்து தொழிற்கூடத்தை அளந்துவிட்டுப் போனார்கள். கூரைத் தகடு மாற்ற அளவெடுக்க வந்தவர்கள், அவ்வளவுதான். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் “கம்பெனியை விக்கிறாங்க” என்றாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் வாங்கப் போகிறவர் எந்த ஊர்க்காரர் என்பது வரைக்கும் முடிவாகிவிட்டது! பத்தே நாளில் மூன்று பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். மூவருமே கை தேர்ந்தவர்கள். போக இடம் உள்ளவன்தானே முதலில் போவான்? ஆர்டர் அடுத்த மாதமே திரும்பி வந்தது. செய்து கொடுக்கத்தான் ஆள் இல்லை.

போனவர்களில் ஒரு ஃபிட்டர் அண்ணன் கடைசி நாளில் கணக்கு முடிக்கும்போது சொன்னார்: “தெரியலன்னாவது சொல்லியிருக்கலாமே சார்.”

தெரியவில்லை என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்று நாம் பயப்படுகிறோம். 2024 நவம்பரில் வந்த ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள். ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்றார்கள். அப்புறம் இல்லை, புயலாகிவிட்டது என்றார்கள். நாமும் டீக்கடையில் உட்கார்ந்து கேலி பேசினோம். 30-ம் தேதி இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கடந்து, நகராமல் நின்று, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியது. கணிப்பை மாற்றிச் சொன்னார்களே தவிர, சொல்வதை நிறுத்தவில்லை. புயல் உருவாகிவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை வரும். இப்போது எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, எந்தப் பக்கம் போகலாம். புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் வரும். ஜனங்கள் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பார்கள். காத்திருக்க ஒரு நேரம் இருந்தால், நடுவில் வரும் வதந்தி அவ்வளவு எடுபடாது.

அதற்கப்புறம் நான் பழக்கிக்கொண்டது இதைத்தான். நெருக்கடி என்றால் தினமும் காலை ஒன்பது மணிக்கு மெஷின்களுக்கு நடுவில் நின்று ஐந்து நிமிடம் பேசுவேன். தெரிந்தது இது, தெரியாதது இது, நாளை ஒன்பதுக்குத் திரும்பச் சொல்கிறேன். “இந்த மாதச் சம்பளம் உறுதி, அடுத்த மாதம் பற்றி இருபதாம் தேதி சொல்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். “எல்லாம் நல்லபடியா நடக்கும், கவலைப்படாதீங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்டதும்தான் ஆட்கள் பேப்பரில் வேலை விளம்பரம் தேட ஆரம்பிக்கிறார்கள்.

இன்னொன்று, கூட்டத்தில் யாரும் தன் பயத்தைச் சொல்ல மாட்டார்கள். தனியாகக் கேட்டால்தான் வரும். ஒருவருக்கு நகைக் கடன், ஒருவருக்கு மகளின் காலேஜ் ஃபீஸ். கம்பெனி என்ன ஆகும் என்பதைவிட, பத்தாம் தேதி தவணை கட்ட முடியுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. அதில் பாதிக்கு உங்களால் அன்றைக்கே பதில் சொல்ல முடியும்.

பின்னாலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: “நமக்கே பயமா இருந்தா என்ன சார் பண்றது?”

தானே புயல் வந்த அன்று, 2011 டிசம்பர் 29 ராத்திரி, அதே தொழிற்கூடத்தில் ஏழு பேரோடு மாட்டிக்கொண்டேன். கூரைத் தகடு ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போகிற சத்தம். எனக்குக் கை நடுங்கியது, டார்ச் வெளிச்சத்தில் எல்லோரும் பார்த்தார்கள். “எனக்கும் பயமாத்தான் இருக்கு, காங்கிரீட் போட்ட ஸ்டோர் ரூமுக்குப் போயிடுவோம்” என்றேன். உள்ளே போனதும் ஆளுக்கொரு வேலை. ஒருவர் தண்ணீர்க் கேன், ஒருவர் டார்ச், ஒருவர் ரேடியோ. புதிதாகச் சேர்ந்திருந்த பத்தொன்பது வயதுப் பையன் அழுதுகொண்டே இருந்தான். அவனைக் கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அழுகை நின்றது. விடிந்த பிறகுதான் புயல் கரையைக் கடந்தது. காற்று அடங்கி நாங்கள் ஒவ்வொருவராக எழுந்தபோதும் அவன் தாழ்ப்பாளை விடவில்லை. வாட்ச்மேன் தாத்தா பக்கத்தில் போய், “போதும்டா தம்பி” என்று சொல்லி, விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்.