நாய்க்குக் கழிவு ஒயில் பூசாதீர்கள்

தலைமை தாங்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி அவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, கால்நடை வைத்திய அதிகாரி அவர்களே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவர்களே, அதிபர் அவர்களே, கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் கராஜ்காரத் தம்பிமாரே, அம்மாமாரே, ஐயாமாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். விதைப்பு நேரத்திலும் வயலை விட்டு வந்த கமக்காரர் அமைப்புச் செயலாளர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் நாய் வளர்ப்பது இன்றைய தலைப்பு. சாப்பாடு, மலம், தோல் என்று மூன்றையும் பேச வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். மாரி இறங்கமுன் பேச வேண்டியது தோல்.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டில் நாய்க்குச் சொறி. மகன் கராஜில் அரைப் போத்தல் கழிவு ஒயில் வாங்கிவந்து, தடியில் துணி சுற்றித் தலை முதல் வால் வரை பூசிவிட்டான். செம்மண் நிற நாய் கன்னங்கரேலென்று ஆனது. சந்தையால் வந்த தாய், யார் வீட்டு நாயோ என்று விளக்குமாற்றை எடுத்துக் கலைத்தார். அது வாலாட்டிக்கொண்டு காலடியிலேயே படுத்தபோதுதான் தன் நாயென்று தெரிந்தது. இரண்டு நாளில் சொறிவது குறைந்தது. அயலவர்களும் போத்தலோடு கராஜுக்குப் போனார்கள். பிறகு நாய் சாப்பாட்டை மணந்துவிட்டுத் திரும்பியது, சத்தி எடுத்தது, வெக்கை தாங்காமல் கிணற்றடி ஈரத்தில் போய்ப் படுத்தது. ஒரு மழை பெய்தது. கிணற்றடி வாய்க்காலில் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படை மிதந்து வாழைப் பாத்திக்குள் இறங்கியது. வைத்தியர் நாயைக் காப்பாற்றினார், ஆனால் பல கிழமை எடுத்தது.

ஏன் இப்படி? சொறிச் சிற்றுண்ணி தோலுக்குள் சுரங்கம் போட்டு முட்டையிடும். ஒயிலால் மேலே இருக்கும் சில சாகலாம், முட்டை உள்ளேயே கிடக்கும். வாகன எஞ்சினில் ஓடிக் கழிந்த இந்த ஒயிலில் தேய்ந்த உலோகமும் எரிந்த எரிபொருளின் நஞ்சும் உண்டு. நாய் நக்கினால் ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

ஏற்கெனவே பூசியிருந்தால் மண்ணெண்ணெயால் துடைக்கவே வேண்டாம், அது தோலை எரிக்கும். தேங்காயெண்ணெய் தேய்த்து ஒயிலை இளக்கி, பழைய துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தால் இரண்டு மூன்று தரம் கழுவுங்கள், கிணற்றடியில் அல்ல. அரிப்பு அடங்க, இரண்டு கைப்பிடி வேப்பிலையை 4 லீற்றர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறவைத்துக் கடைசியாக ஊற்றுங்கள். இது சொறியை மாற்றாது. அதற்கு வைத்தியரிடம் ஊசி உண்டு. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் மருந்தை நீங்களே ஏற்றாதீர்கள், அளவு பிசகினால் நரம்பைத் தாக்கும்.

உண்ணிக்கும் சிலர் ஒயில்தான் பூசுகிறார்கள். இரத்தம் குடித்த பெண் உண்ணி நாயை விட்டிறங்கிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயில் எதைப் பூசி என்ன? வெடிப்பை அடைத்துவிடுங்கள், படுக்கைச் சாக்கைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவிடுங்கள். உண்ணியைத் தோலோடு ஒட்டக் குறட்டால் பிடித்து இழுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள், விரலால் நசிக்காதீர்கள். வெள்ளம் வருமுன் அணை என்பது இதுதான்.

மலத்தைக் கீரைப் பாத்திக்குப் போடாதீர்கள். அதிலுள்ள புழு முட்டை வருடக்கணக்காக மண்ணில் உயிரோடு கிடக்கும். கிணற்றிலிருந்து 100 அடிக்கு அப்பால் குழி வெட்டிப் போடுங்கள். சாப்பாட்டில் வெங்காயம் வேண்டாம். மிச்சத்துக்கு நேரமில்லை, மன்னிக்க வேண்டும்.

கராஜ்காரத் தம்பிமாரே, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. கழிவு ஒயிலை மூடியுள்ள பீப்பாயில் சேர்த்து, மொத்தமாக வாங்கிச் செல்பவரிடம் மட்டும் கொடுப்பீர்களா? “நாய்க்கு” என்று யார் போத்தலோடு வந்தாலும் இல்லையென்று சொல்லி, கால்நடை வைத்திய நிலையத்துக்கு அனுப்புங்கள். சம்மதிப்பவர்கள் வாசலில் உள்ள கொப்பியில் கடையின் பெயரை எழுதுங்கள். சொறி நாய் உள்ள வீட்டார் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். வைத்தியர் இங்கேயே இருக்கிறார்.