கோலமாவுக்கு வரும் ஆச்சிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் அப்பத்தா வீட்டு வாசலில் விடிவதற்குள் அரிசிமாவுக் கோலம் விழுந்துவிடும். வெயில் முகப்புத் திண்ணையில் ஏறுமுன் எறும்புகள் வந்து மாவை இழுத்துப்போகத் தொடங்கும். "ராணி அனுப்பிவிட்டிருக்கா, மிதிச்சிராதே" என்பார் அப்பத்தா. மிதிக்கக் கூடாது என்றது சரி. ஆனால் எறும்பை ராணி அனுப்புவதில்லை என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

ராணி என்று நாம் பெயர் வைத்தோமே தவிர, அவள் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. பெரும்பாலான எறும்பு இனங்களில் அவள் இறக்கையோடு பறந்துபோய் ஆண்களோடு கூடுவாள். அந்த ஒரு பறத்தலோடு சரி. தரையிறங்கியதும் இறக்கையை உதிர்த்துவிட்டு, மண்ணுக்குள் சின்ன அறை தோண்டி அடைந்துகொள்வாள். பல இனங்களில் முதல் பிள்ளைகள் வளரும்வரை அவளுக்கு வெளியிலிருந்து ஒரு பருக்கை வராது. பறக்க உதவிய தசையே கரைந்து அவளுக்கு உணவாகிறது. அன்று பெற்ற விந்தைச் சேமித்துவைத்தே ஆயுள் முழுக்க முட்டையிடுவாள். ஆய்வுக்காக வளர்த்த கறுப்புத் தோட்ட எறும்பு ராணி ஒன்று 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. ஆண்களோ கூடிய கையோடு இறந்துபோகின்றன. எறும்புக் கூட்டில் ராஜா கிடையாது. ராஜா இருப்பது ஈசல் கிளம்பும் கறையான் புற்றில். அது வேறு குடும்பம்.

மற்ற எல்லா வேலையும் பெண்களுடையது. "எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை" என்று நம் பக்கம் ஊருணிக்கரையில் நின்று வானம் பார்ப்பார்கள். அவை கவ்விப்போகும் வெள்ளை உருண்டைகள் பெரும்பாலும் முட்டை அல்ல, முட்டையிலிருந்து வந்த அவற்றின் பிள்ளைகளான புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான். முட்டை கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சின்னது. மாமரத்தில் இலைக்கூடு கட்டும் முசுறு எறும்பு இன்னும் ஒரு படி மேலே. இலைகளைச் சிலர் இழுத்துப் பிடிக்க, வேறு சிலர் தங்கள் கூட்டுப் பிள்ளைப் புழுவை வாயில் கவ்விவந்து அதன் பட்டுநூலால் ஒட்டித் தைக்கிறார்கள். வளர்ந்த எறும்புக்கு அந்த நூல் வராது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். பிறந்த புதிதில் வேலைக்கார எறும்பு உள்ளறையில் இருந்து புழுக்களுக்கு ஊட்டும். வயதாக ஆக, நம் வீட்டில் உள்ளே இருக்கும் வளவிலிருந்து முகப்புக்கு, முகப்பிலிருந்து வாசலுக்கு வருவதுபோல, வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டே வரும். கடைசியில் இரைதேடக் கிளம்பும். வெளியேதான் காக்கை, வெயில், நம் கால். வாழவேண்டிய நாள் நிறைய இருக்கிற இளசுகள் உள்ளே இருக்க, ஆபத்தான வேலை மூத்தவர்களுக்கு.

சரி, உத்தரவு இல்லாமல் எப்படி நடக்கிறது? அரிசோனாப் பாலைவனத்து விதை சேகரிக்கும் எறும்புகளை டெபோரா கார்டன் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் கவனித்தார். விதையோடு திரும்புகிறவர்களை வாசல் பக்கம் காத்திருப்பவர்கள் உணர்கொம்பால் தொட்டு முகர்கிறார்கள். அப்படித் தொடுவது அடிக்கடி நடந்தால் இவர்களும் கிளம்புகிறார்கள், குறைந்தால் இருந்துவிடுகிறார்கள். அவ்வளவுதான்.

அப்பத்தா 80 வயதிலும் குனிந்து கோலம் போட்டார். அந்த மாவுக்கு வந்தவர்களும் அவர்கள் வீட்டு ஆச்சிகள்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

நன்றி, வணக்கம்.