அரசின் கை எதுவரை நீளலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

1983-ஆம் ஆண்டு பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் ஒரு சோதனை நடந்தது. எர்னாண்டோ டி சோட்டோ என்ற பொருளியலாளரின் குழுவினர் நகரத்தின் ஓரத்தில் ஒரு சின்னத் தையல் பட்டறையை அமைத்து, அதைச் சட்டப்படி பதிவு செய்யக் கிளம்பினார்கள். செல்வாக்கு எதையும் காட்டக் கூடாது, ஒரு சாதாரணத் தொழிலாளி எப்படி அலைவாரோ அப்படியே அலைய வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். படிவம், சான்றிதழ், கையெழுத்து, முத்திரை. கடைசிக் காகிதம் கைக்கு வந்தபோது 289 நாட்கள் ஓடியிருந்தன.

பணம் உள்ளவர் 289 நாள் காத்திருப்பார், அல்லது காத்திருக்க ஆள் வைப்பார். ஒரே ஒரு தையல் இயந்திரத்தை நம்பிப் பிழைக்க வந்தவர் என்ன செய்வார்? பதிவு செய்யாமலே தைக்கத் தொடங்குவார். அன்று முதல் அவர் சட்டத்துக்கு வெளியே இருப்பவர். வங்கியில் கடன் கேட்க முடியாது, ஏமாற்றியவர்மேல் வழக்குப் போட முடியாது, யார் வந்து மிரட்டினாலும் ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டியதுதான். அளவான அரசு, தடையில்லாச் சந்தை என்று நான் பேச ஆரம்பித்தாலே "இது பணக்காரர்களுக்கான வாதம்" என்று யாராவது சொல்வார்கள். எனக்கு அப்போதெல்லாம் இந்தத் தையல் பட்டறைதான் நினைவுக்கு வரும்.

அந்த 289 நாட்களை விழுங்கிய விதிகளில் எதையும் தனியாக எடுத்துப் பார்த்தால் ஒரு காரணம் இருக்கும். ஒன்று தீ விபத்துக்காக, ஒன்று வரிக்காக, ஒன்று தொழிலாளர் நலனுக்காக. எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால், கெட்டவர்களை எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் நல்லவர்களை உட்கார வைத்தால் போதும் என்று ஆகிவிடும். நல்லவர்களும் கெட்டிக்காரர்களும் உட்கார்ந்தாலும் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. கோடிக்கணக்கான மனிதர்களுக்கு எது எவ்வளவு தேவை, யாரால் எதை விட்டுக்கொடுக்க முடியும் என்பதை ஒரே இடத்தில் இருந்து தெரிந்துகொள்வதுதான் அந்த வேலை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் கடும் உறைபனி விழுந்தது. கோடிக்கணக்கான காப்பிச் செடிகள் கருகிப்போயின. உலகத்துக்கே அதிகமாகக் காப்பி கொடுத்த நாடு அது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் உலகச் சந்தையில் காப்பியின் விலை பல மடங்கு ஏறியது. காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பரானா எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆனாலும் அவர்கள் அந்தப் பனிக்கு ஏற்ப நடந்துகொண்டார்கள். சிலர் ஒரு வேளையைக் குறைத்தார்கள், சிலர் தேநீருக்கு மாறினார்கள், காப்பி இல்லாமல் முடியாது என்பவர்கள் வேறு செலவைக் குறைத்துக்கொண்டு அதையே வாங்கினார்கள். கொலம்பியாவில் விவசாயிகளுக்கு அது நல்ல காலம். செடிகளை முன்பைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள், புதிதாகவும் நட்டார்கள். 1977-க்குப் பிறகு விலை இறங்கத் தொடங்கியது.

இத்தனைக்கும் யாரும் எந்தச் சுற்றறிக்கையும் அனுப்பவில்லை. யார் குறைத்துக்கொள்ள வேண்டும், யார் கூடுதலாகப் பயிரிட வேண்டும் என்று எந்த அமைச்சகமும் பட்டியல் போடவில்லை. போட்டிருந்தாலும் எந்தத் தகவலை வைத்துப் போட்டிருப்பார்கள்? ஒரு வேளைக் காப்பியை விடுவது எனக்குச் சிரமமா உங்களுக்குச் சிரமமா என்பதை எந்தக் கணக்கெடுப்பில் கேட்க முடியும்? நமக்கே விலை ஏறின பிறகுதான் அது தெரிகிறது. பொருளாதாரம் இயங்க வேண்டிய அறிவு எந்த ஒரு மனிதரிடமும் மொத்தமாகக் கிடையாது, துண்டு துண்டாக எல்லோரிடமும் சிதறிக் கிடக்கிறது, அதை ஒன்றுசேர்ப்பது விலைதான் என்று பொருளியலாளர் ஃபிரெட்ரிக் ஹாயெக் 1945-இல் எழுதினார். பல ஆண்டுகள் பொருளியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தப் பாடத்தில் இதைவிட ஆழமான ஒரு கருத்தை நான் பார்த்ததில்லை.

சரி, இந்த விலையை அரசு சட்டம் போட்டு அமுக்கினால் என்ன ஆகும்? பற்றாக்குறை தீராது. பற்றாக்குறை இருக்கிறது என்ற சேதிதான் நின்றுபோகும். ரோமப் பேரரசர் டயோகிளீசியன் கி.பி. 301-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களுக்கும் கூலிகளுக்கும் உச்ச விலை விதித்து, மீறுபவர்களுக்கு மரண தண்டனை என்று கல்லில் பொறித்து வைத்தார். மரண பயத்திலும் விலை அடங்கவில்லை. பொருள்தான் கடையிலிருந்து மறைந்தது.

ஜெர்மனியின் கதை இதைவிடத் தெளிவானது. 1936-இல் நாஜி அரசு விலைகளை உறையவைத்தது. போர் முடிந்த பிறகு, வென்ற நாடுகளும் அதே கட்டுப்பாட்டைத் தொடர்ந்தன. காகிதத்தில் எல்லாம் மலிவு, கடையில் எதுவும் இல்லை. பணத்தை யாரும் மதிக்காததால் அமெரிக்க சிகரெட்டே பணமாகப் புழங்கியது. நகரத்து மக்கள் வீட்டுக் கம்பளத்தையும் நகையையும் தூக்கிக்கொண்டு ரயிலேறிக் கிராமத்துக்குப் போய், உருளைக்கிழங்குக்கு மாற்றிக்கொண்டு வந்தார்கள். விலை மலிவாக இருக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் கொண்டுவந்து நிறுத்திய இடம் இது.

1948 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. மேற்கு ஜெர்மனியில் புதிய நாணயமான டாய்ச் மார்க் வந்தது. ஆளுக்கு 40 மார்க் முதலில் கொடுத்தார்கள். பிரிட்டிஷ், அமெரிக்கப் பகுதிகளின் பொருளாதாரப் பொறுப்பில் இருந்த லுட்விக் எர்ஹார்ட், அதோடு சேர்த்துப் பெரும்பாலான தொழிற்பொருட்களின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். மறுநாள் காலையில் கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் பொருள் நின்றது. ஒரே இரவில் எந்தத் தொழிற்சாலையும் அவ்வளவைத் தயாரித்திருக்க முடியாது. மதிப்பில்லாத பணத்துக்குக் கட்டாய விலையில் விற்க மனமில்லாமல் உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் உற்பத்தியும் எழுந்தது.

எல்லாம் சுகமாக நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். விலைகள் வேகமாக ஏறின, கூலி பின்தங்கியது, 1948 நவம்பர் 12-ஆம் தேதி தொழிலாளர்கள் பெரிய பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு விலையை மட்டும் விட்டது பாதி வேலை. கூலிக் கட்டுப்பாடும் அந்த ஆண்டு முடிவதற்குள் நீங்கியது. வாடகை, அடிப்படை உணவு, நிலக்கரி போன்றவற்றில் கட்டுப்பாடு இன்னும் சில காலம் இருந்தது. புதிய நாணயத்துக்கும் வெளிநாட்டு உதவிக்கும் இந்த மீட்சியில் பங்கு உண்டு. ஆனால் எர்ஹார்ட் பயந்து பின்வாங்கியிருந்தால் மற்ற இரண்டும் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இதே பாடத்தை இன்னொரு மூலையில், எழுத்தறிவு அதிகம் இல்லாத விவசாயிகள் கற்றுக்கொடுத்தார்கள். சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் சியாவ்காங் என்ற சின்ன ஊர். நிலமெல்லாம் கம்யூன் என்ற கூட்டுப் பண்ணைக்குச் சொந்தம், எவ்வளவு உழைத்தாலும் வீட்டுக்கு வருவது ஏறக்குறைய ஒன்றுதான். 1978-இன் கடைசியில் ஒரு நாள் இரவு 18 பேர் கூடி, நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்வது என்றும், அரசுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தது போக மீதியை அவரவர் வைத்துக்கொள்வது என்றும் ஒரு காகிதத்தில் எழுதிக் கைநாட்டு வைத்தார்கள். இதனால் யாராவது சிறைக்குப் போனாலோ கொல்லப்பட்டாலோ, அவருடைய பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்க்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. தன் வயலில் தானே பயிர் வைக்க அப்படி ஒரு உறுதிமொழி தேவைப்பட்டது. இந்த வரியைப் படிக்கும்போது இன்றும் என் தொண்டை அடைக்கிறது. அடுத்த அறுவடை முன் எப்போதும் இல்லாத அளவுக்கு வந்தது. மண்ணும் அதே மண், மனிதர்களும் அதே மனிதர்கள். சில ஆண்டுகளில் இந்த முறை நாடு முழுவதும் பரவியது.

அப்படியானால் அரசே வேண்டாமா? வேண்டும், கட்டாயம் வேண்டும். சந்தை என்பது அடித்துப் பிடுங்கும் இடம் ஆகாமல் இருக்க நல்ல நீதிமன்றம் வேண்டும், காவல் வேண்டும், எழுதிய ஒப்பந்தம் நிற்க வேண்டும். ஒரு தொழிற்சாலை ஆற்றைக் கெடுத்தால், கெடுத்தவரிடம் அதற்கான விலையை வாங்க அரசைத் தவிர வேறு யாரும் இல்லை. இந்த வேலைகளையே பல அரசுகள் அரைகுறையாகச் செய்கின்றன. வழக்கு ஆண்டுக்கணக்கில் தூங்கும்; ஆனால் எந்த ஆலை எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்று முடிவு செய்ய அதிகாரிகளுக்கு நேரம் இருக்கும். அளவான அரசு என்று நான் கேட்பது, கொஞ்ச வேலையை உறுதியாகச் செய்கிற அரசை.

அரசின் செலவு என்றால் நாம் வரியை மட்டும் கணக்கில் எடுக்கிறோம். யானை வயலில் புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவதே அதிகம் என்று ஒரு பழம்புலவர் பாண்டிய மன்னனுக்கே எடுத்துச் சொன்னார். அந்தத் தையல்காரர் இழந்த 289 நாட்கள் அப்படிக் காலில் மிதிபட்டவை. எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் அவை வராது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியே ஆக வேண்டும். சந்தையை ஆதரிப்பது வேறு, வியாபாரிகளை ஆதரிப்பது வேறு. இறக்குமதியைத் தடு, போட்டியாளருக்கு உரிமம் கொடுக்காதே, எங்களுக்கு மட்டும் மானியம் கொடு என்று அமைச்சகத்தின் வாசலில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெரிய முதலாளிகள்தான். வியாபாரிகள் ஒன்றுகூடினால் விலையை ஏற்றச் சதி செய்வார்கள் என்று 1776-இலேயே ஆடம் ஸ்மித் எச்சரித்தார். அரசின் கையில் கொடுப்பதற்குச் சலுகை இருக்கும்வரை அதை வாங்க ஆள் வருவார். அந்த அதிகாரத்தைக் குறைத்தால்தான் அவர் தன் வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்தும் வேலைக்குத் திரும்புவார்.

ஏழைகளை என்ன செய்வது? கைவிட வேண்டும் என்று எந்த நல்ல சந்தைவாதியும் சொல்லவில்லை. ஹாயெக் ஒரு குறைந்தபட்ச வருமான உறுதியை ஏற்றுக்கொண்டார். வருமானம் குறைந்தவர்களுக்கு வரித்துறையே பணம் கொடுக்கும் திட்டத்தைப் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1962-இல் முன்வைத்தார். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. பணத்தை நேராக ஏழையின் கையில் கொடுங்கள். எதை வாங்குவது என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு உதவுவதற்காக ஊர் முழுவதற்கும் விலையைத் திருகினால், அந்த மலிவு விலையின் பெரும்பங்கு வசதி உள்ளவர்களுக்கும் பதுக்குபவர்களுக்கும்தான் போகும்.

ஒருமுறை நீண்ட கை திரும்பச் சுருங்காது என்று சிலர் சோர்ந்து பேசுவார்கள். அமெரிக்காவில் 1938 முதல், எந்த விமான நிறுவனம் எந்த ஊருக்குப் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதை அரசின் வாரியம் ஒன்றே தீர்மானித்தது. 40 ஆண்டுகளில் புதிதாக ஒரு பெரிய நிறுவனத்தைக்கூட அந்த வாரியம் நீண்டதூரத் தடங்களில் அனுமதிக்கவில்லை. கலிபோர்னியாவுக்குள்ளேயே பறந்த நிறுவனங்கள் அந்த வாரியத்தின் பிடியில் இல்லை. ஏறக்குறைய அதே தூரத்துக்கு அவை பாதிக் கட்டணம் வாங்கின. மக்கள் இதைக் கண்ணால் பார்த்தார்கள். அப்புறம் 1977-இல் ஆல்ஃபிரெட் கான் என்ற பொருளியல் பேராசிரியரை ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் அந்த வாரியத்தின் தலைவராக்கினார். கான் தன் வாரியத்தின் அதிகாரத்தைத் தானே அவிழ்க்கத் தொடங்கினார். 1978-இல் சட்டமும் வந்தது. விமானம் பாதுகாப்பாகப் பறக்கிறதா என்று பார்க்கும் வேலையை அரசு விடவில்லை, அது வேறொரு துறையிடம் அப்படியே இருந்தது. கட்டணத்தையும் தடத்தையும் தீர்மானிக்கும் வேலையை மட்டும் பயணிகளிடமும் நிறுவனங்களிடமும் விட்டுவிட்டது. 1985 ஜனவரி 1 அன்று அந்த வாரியம் மூடப்பட்டது.

நன்றி, வணக்கம்.