எத்தனை டன் ஏசி? முதலில் மொட்டைமாடியைப் பாருங்கள்

[காட்சி: இரவு. ஸ்டூல்மேல் ஏறி, கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கும் கை.]

வணக்கம். இது திருத்தணியில் எங்கள் வீட்டு மாடி அறை. போன வருஷம் கத்திரி வெயிலில் எடுத்தது, மணி ராத்திரி பத்து. கூரையைத் தொட்டால், அடுப்பிலிருந்து இறக்கி அரை மணி நேரம் ஆன தோசைக்கல் மாதிரி இருக்கிறது. பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கக் கீழே கக்குவதுதான் கான்கிரீட்டின் வேலை.

இந்த அறைக்கு முதலில் 1 டன் வாங்கினேன். கடையில் கேட்டது ஒரே கேள்வி, "ரூம் என்ன சைஸ் சார்?" பத்துக்குப் பன்னிரண்டு என்றேன். "120 சதுர அடிதானே, 1 டன் தாராளம்" என்றார்கள். 24-ல் வைத்தால் 28-க்குக் கீழே இறங்கவில்லை. விடிய விடிய கம்ப்ரஸர் ஓடியது. கரண்ட் பில் வந்த அன்று அம்மா கேட்டதை இங்கே சொல்ல முடியாது.

[காட்சி: ஐஸ் பாளம், உருகும் தண்ணீர்.]

டன் என்பதைப் பெட்டியின் எடை என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. ஐஸ் வைத்துக் குளிரூட்டிய காலத்துக் கணக்கு அது. ஒரு அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகி முடிக்க எவ்வளவு சூட்டை இழுக்குமோ அவ்வளவு. மணிக்கு 12,000 பி.டி.யு. (சூட்டை அளக்கும் ஒரு அலகு), வாட்டில் சொன்னால் 3,517.

120 சதுர அடி வரை 1 டன், 180 வரை ஒன்றரை, அதற்கு மேல் 2. கடையில் ஒப்பிக்கும் இந்த வாய்ப்பாடு, மேலே இன்னொரு தளம் இருக்கிற, பத்தடி உயர, இரண்டு பேர் படுக்கிற அறைக்குச் சரி. மேலே மொட்டைமாடி, பக்கத்தில் மேற்குச் சுவர் என்றால் அரை டன் கூட்டிக்கொள்ளுங்கள், யோசிக்கவே வேண்டாம். ஆட்களையும் எண்ணுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பே சுமார் 100 வாட் சூடு விடும். சித்திரை வந்தால் ஏசி அறையில் மொத்தக் குடும்பமும் பாய் விரிக்கிற வீடுகள்தானே நம்முடையவை?

அதற்காக எல்லாருக்கும் 2 டன்னா? நகரியில் என் மச்சான் அப்படித்தான் செய்தார். கீழ்த்தளத்தில் சின்ன அறை, இன்வெர்ட்டர் வகை அல்லாத 2 டன் ஏசி. ஐந்து நிமிடத்தில் சில்லென்று ஆகி கம்ப்ரஸர் நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி கிளம்பும். காற்றிலுள்ள ஈரம் ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த காயிலில் படிந்து பைப் வழியாக வடிய நேரம் வேண்டுமே? ஐப்பசி மழையில் அறை குளிர்ந்திருந்தது, தலையணை மட்டும் நசநச. இன்வெர்ட்டர் ஏசி என்றால் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்து ஓடும், கொஞ்சம் பெரிதாக எடுத்தாலும் சமாளிக்கும். சிறிதாக எடுத்துவிட்டால் இன்வெர்ட்டரும் காப்பாற்றாது.

[காட்சி: நட்சத்திர லேபிள், நெருக்கத்தில்.]

ஸ்டார் லேபிளில் குளிரூட்டும் திறன் வாட்டில் இருக்கும். 1 டன் என்று விற்கிற பெட்டியில் 3,517-க்குக் குறைவாகவும் போட்டிருப்பார்கள், பாருங்கள். அந்த எண்ணும் வெளியே 35 டிகிரி என்று வைத்துச் சோதித்தது. நம் ஊரில் மே மாதம் 40 தாண்டினால் திறன் இன்னும் இறங்கும். அவுட்டோர் யூனிட்டை மேற்கு வெயிலில் மாட்டினால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் நான் என்ன செய்தேன்? மொட்டைமாடிக்கு, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தேன். மாடி அறைக்கு ஒன்றரை டன் இன்வெர்ட்டர். பழைய 1 டன்னைக் கழற்றி, நேர் கீழே இருக்கும் அம்மா அறையில் மாட்டினோம். அதே பத்துக்குப் பன்னிரண்டு. 26-ல் வைத்தாலே அம்மா போர்வை கேட்கிறார்.