43 பல்லா, 39 பல்லா? பழைய ஜீப் கட்டப்போறீங்கன்னா இதைப் பார்க்காம ஆக்ஸில் வாங்காதீங்க!

(திரையில: மரக்கட்டை மேல தூக்கி வச்ச ஒரு பழைய ஆக்ஸில், பிரேக் டிரம்ல சாக்பீஸ் கோடு)

காயலான் கடையில பாகம் பாகமா பொறுக்கிட்டு வந்து வீட்டு வாசல்லயே ஒரு ஜீப்பு கட்டியாச்சு. பெயிண்ட் அடிச்சு, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு வெளிய எடுத்தா ரோட்டுல ஜம்முனு போகுது. அதே வண்டியை மலைப்பாதைக்கு கொண்டுபோயி ஃபோர் வீல் லிவரை, அதாவது நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற லிவரை, போட்டதும் ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆகுது, கொஞ்ச தூரத்துல டொக்குன்னு சத்தம், ஆக்ஸிலுக்கு சுத்தைக் கொண்டுபோற தண்டு இருக்கே, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், அதோட ஜாயிண்ட் காலி. புதுசு வாங்கிப் போட்டா அதுவும் காலி. மெக்கானிக் ஜாயிண்ட்ட குறை சொல்றாரு, ஜாயிண்ட் வித்தவரு மெக்கானிக்கை குறை சொல்றாரு. ஆனா கோளாறு ரெண்டு பேர்கிட்டயும் இல்ல. ஆக்ஸிலுக்குள்ள, க்ரவுன் வீல்ங்கற ஒரு பல்சக்கரத்துல இருக்குற பல்லு எண்ணிக்கையில இருக்கு.

வணக்கம் மக்களே. பழைய ஜீப்பை வீட்ல வச்சு, கழிச்சுப் போட்ட பாகங்களை வச்சு திரும்பக் கட்டுறதைப் பத்தி நிறைய பேரு கேட்டிருந்தீங்க. நிறைய வீடியோவுல பாடியைத்தான் காட்டுவாங்க, டிங்கரிங், பட்டி, பெயிண்ட், பெரிய டயரு. பாக்க நல்லாத்தான் இருக்கும், நானும் ரசிச்சுப் பாப்பேன். ஆனா ஜீப்புல லேசான வேலையே பாடிதாங்க. பெரும்பாலும் தட்டையான தகடு, வளைவு ரொம்பக் கம்மி, ஒரு நல்ல டிங்கர் கெடச்சா முடிச்சுக் குடுத்துருவாரு. பணமும் பொழுதும் போறது அடியிலதான். அதனால இன்னைக்கு அடியில படுக்கப்போறோம்.

வரலாறு வேகமா சொல்லிடறேன். ரெண்டாம் உலகப்போருக்கு அமெரிக்காவுல வில்லிஸ் கம்பெனி எம்பி-னு ஒரு மாடல் பண்ணுச்சு, அதே டிசைனை ஃபோர்டும் ஜிபிடபிள்யூ-ங்கற பேர்ல பண்ணிக் குடுத்துச்சு, சண்டை முடிஞ்சதும் சிஜே-னு பொதுமக்களுக்கான வண்டி வந்துச்சு. இந்தப் பக்கம் 1945-ல மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து 'மஹிந்திரா அண்ட் முகமது'-னு கம்பெனி ஆரம்பிச்சாங்க, பிரிவினை வந்ததும் குலாம் முகமது பாகிஸ்தான் போயி அங்க முதல் நிதியமைச்சரா ஆகி, பின்னாடி கவர்னர் ஜெனரலாவே ஆயிட்டாரு, இங்க கம்பெனி 1948-ல 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆயிடுச்சு, பம்பாயில வில்லிஸ் ஜீப்பை அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சாங்க. நம்ம ஊர்ல 'வில்லிஸ்'னு சொல்ற உயரமான பானெட் வண்டி இருக்கு பாருங்க, அது 1953-ல வந்த சிஜே3பி குடும்பம். அந்த பானெட் ஏன் அவ்ளோ உசரம்? அழகுக்கு இல்லீங்க. இஞ்சின் உசரமாயிடுச்சு. பழைய இஞ்சின்ல ரெண்டு வால்வும் பிளாக்குலயே இருந்துச்சு, புது இஞ்சின்ல இன்டேக் வால்வை மேல ஹெட்டுக்கு ஏத்திட்டாங்க, அது பழைய பானெட்டுக்குள்ள அடங்கல, பானெட்டை தூக்கிட்டாங்க. அவ்ளோதான். எனக்கு அந்த முகம் ரொம்பப் பிடிக்கும்.

போடிநாயக்கனூர், கம்பம் பக்கம் இருந்து இடுக்கி ஏலத்தோட்டத்துக்கு விடியக்காலையில ஆளுங்களை ஏத்திட்டுப் போற ஜீப்புகளைப் பாத்திருப்பீங்க. அந்த வண்டியெல்லாம் இன்னும் ஓடுதுன்னா காரணம், எதையும் கழட்டி எதையும் மாட்டலாம்ங்கறதுதான். கனடா ராணுவத்துல ஒரு ஷோ பண்ணுவாங்க, ஒரு ஜீப்பை மொத்தமா பிரிச்சுப் போட்டு திரும்ப மாட்டி ஓட்டிட்டுப் போவாங்க, நாலு நிமிஷத்துக்குள்ள! தேடிப் பாருங்க, வாயப் பொளந்துருவீங்க.

இன்னொண்ணு. அந்த ஃபோர்டு வண்டி சொன்னேன்ல, அதுல போல்ட்டுத் தலையில கூட 'எஃப்'னு பொறிச்சிருப்பாங்க. போல்ட்டு, பிராக்கெட்டு, கொக்கி, எல்லாத்துலயும். ஆனா வில்லிஸ் வண்டியில அப்படியே பொருந்தும். புதுப்பேட்டையிலயோ உக்கடத்துலயோ பழைய சாமான் குவியல்ல ஜீப்பு போல்ட்டு எதாச்சும் கெடச்சா துரு சுரண்டிட்டு தலையைப் பாருங்க. சாய்ஞ்ச எழுத்துல 'எஃப்' தெரிஞ்சா எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க, ப்ளீஸ்!

ஆனா எல்லாம் எல்லாத்துலயும் பொருந்துதுங்கற இந்த வசதிதான் நம்ம மாட்டிக்கிற எடமும். வெளிய பொருந்தும். உள்ள பொருந்தாது.

(திரையில: முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், நடுவுல ட்ரான்ஸ்ஃபர் கேஸ், கையால வரைஞ்ச படம்)

படத்தைப் பாருங்க. நடுவுல இருக்குறது ட்ரான்ஸ்ஃபர் கேஸ், ஸ்பைசர் 18-ங்கற மாடல். கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற சுத்தை வாங்கி முன்னாடி ஒரு ஷாஃப்ட், பின்னாடி ஒரு ஷாஃப்ட்னு பிரிச்சுக் குடுக்கும். ஃபோர் வீல் லிவரைப் போட்டா ரெண்டு ஷாஃப்ட்டும் பூட்டுன மாதிரி ஒரே வேகத்துல சுத்தும். இன்னைக்கு வர்ற சில வண்டியில நடுவுலயும் ஒரு டிஃபரன்ஷியல், அதாவது ரெண்டு பக்கத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற பல்சக்கர அமைப்பு, வச்சு வித்தியாசத்தை சமாளிப்பாங்க, இதுல அது கெடையாது.

இப்ப ஆக்ஸிலுக்கு வாங்க. உள்ள ஷாஃப்ட்டோட சேந்து சுத்துற சின்ன பல்சக்கரம் பினியன், அது சுத்திவிடுற பெரிய பல்சக்கரம் க்ரவுன் வீல். சண்டைக்காலத்து எம்பி-யில பினியனுக்கு 8 பல்லு, க்ரவுனுக்கு 39 பல்லு. 39-ஐ 8-ஆல வகுத்தா 4.88. சிஜே3பி-ல பினியனுக்கு அதே 8, க்ரவுனுக்கு 43. வகுத்தா 5.38. அதாவது சிஜே-ல ஷாஃப்ட் கொஞ்சம் அதிகமா சுத்துனாத்தான் சக்கரம் ஒரு சுத்து வரும், இழுவை அதிகம், வேகம் கம்மி.

நம்மாளு என்ன பண்றாருன்னா, முன்னாடி சிஜே ஆக்ஸில் இருக்கு, பின் ஆக்ஸில் பஞ்சர், கடையில எம்பி பின் ஆக்ஸில் ஒண்ணு கெடக்கு. அது ஃபுல் ஃப்ளோட்டிங் வேற, அதாவது உள்ள ஷாஃப்ட் ஒடஞ்சாலும் சக்கரம் ஹப்புலயே நிக்கும், கழண்டு ஓடாது. நல்ல சரக்குன்னு தூக்கிட்டு வந்து மாட்டிட்டாரு. வெளிய பாத்தா எல்லாம் அம்சமா இருக்கு. ஆனா முன்னாடி 5.38, பின்னாடி 4.88.

கணக்கு போடுவோம். ரெண்டு ஷாஃப்ட்டும் ஒரே வேகத்துல 100 சுத்து சுத்துதுன்னு வைங்க. பின் சக்கரம் இருபதரை சுத்து வரும். முன் சக்கரம் பதினெட்டரை சுத்து சொச்சம். பின்னாடி 110 மீட்டர் போகணும்னு தள்ளுது, முன்னாடி 100 மீட்டர்தான் வருவேன்னு நிக்குது. ஒரே நுகத்தடியில பூட்டுன ரெண்டு மாட்டுல ஒண்ணு ஓடுது ஒண்ணு நடக்குது. சேத்துலன்னா ஏதோ ஒரு டயரு வழுக்கி அந்த பத்து மீட்டரை சரிக்கட்டிரும். காஞ்ச தரையில டயரு வழுக்காது, அப்ப முறுக்கு முழுசும் இரும்புக்குள்ள ஏறும், எது பலம் கம்மியோ அது போகும். பெரும்பாலும் ஜாயிண்ட் க்ராஸ். இல்லன்னா ஆக்ஸில் ஷாஃப்ட். துரதிர்ஷ்டம்னா ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பல்லு.

இதுக்கு அறிகுறி இருக்கு, கவனிங்க. ஃபோர் வீல்ல போயிட்டு வெளிய எடுக்கலாம்னா லிவரு வரவே வராது, மல்லுக்கட்டணும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தா டக்குன்னு வந்துரும், ஏன்னா உள்ள ஏறி நின்ன முறுக்கு பின்னாடி போகும்போது அவிழுது. ரெண்டு ஆக்ஸிலும் ஒரே ரேஷியோவா (4.88, 5.38-னு வகுத்தோமே, அதுதான்) இருந்தாலும் தார்ரோட்டுல ஃபோர் வீல் போட்டு வளைஞ்சா லேசா இப்படி ஆகும், வளையும்போது முன் சக்கரம் போற பாதை நீளம், அது இயல்பு. அதனால தார்ரோட்டுல ஃபோர் வீல் போடாதீங்க. ஆனா நேரா மண்ணு ரோட்டுல போகும்போதே இப்படி ஆச்சுன்னா ரேஷியோவை சந்தேகப்படுங்க. முன்னாடி பின்னாடி வேற வேற அளவு டயரு போட்டிருந்தாலும் இதே கதிதான்.

சரி, ஹவுசிங்கை, அதாவது ஆக்ஸிலோட வெளிக்கூட்டை, பிரிக்காம பல்லு எண்ணுறது எப்படி? இதுதான் இந்த வீடியோவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம், தள்ளி விட்டுறாதீங்க!

(திரையில: டிரம்மைச் சுத்துற கை, பினியன் ஃப்ளாஞ்ச்ல சாக்பீஸ் கோடு, கீழ ஓடுற எண்ணிக்கை)

ஆக்ஸிலை ரெண்டு மரக்கட்டை மேல முட்டு குடுத்து வைங்க. கடைக்காரர்கிட்ட கேட்டா வச்சுக் குடுப்பாரு. ஒரு பக்க டிரம்மை கூட வந்தவரை அசையாம பிடிச்சுக்கச் சொல்லுங்க. இந்தப் பக்க டிரம்ல சாக்பீஸ்ல ஒரு கோடு, அதுக்கு நேரா பின்னாடி அசையாம நிக்கிற பேக் ப்ளேட்ல ஒரு கோடு. அதே மாதிரி ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் மாட்டுற ஃப்ளாஞ்ச்ல ஒரு கோடு, ஹவுசிங்ல ஒரு கோடு. இப்ப டிரம்மை கையால மெதுவா 16 சுத்து சுத்துங்க, இன்னொருத்தர் ஃப்ளாஞ்ச் எத்தனை சுத்து வருதுன்னு எண்ணட்டும். 43 வந்து கோடும் கோடும் நேரா நின்னுச்சுன்னா 5.38. 39-ல நின்னா 4.88. க்ரவுன்ல எத்தனை பல்லோ அதே நம்பர் வெளிய வருது!

ஏன் 16? ஒரு சக்கரத்தைப் பிடிச்சுட்டு இன்னொண்ணை சுத்துனா டிஃபரன்ஷியல் உள்ள இருக்குற க்ரவுன் பாதிதான் சுத்தும். சக்கரம் 16 சுத்துனா க்ரவுன் 8 சுத்து. பினியனுக்கு 8 பல்லு. க்ரவுன் 8 சுத்து சுத்துனா அதோட பல்லு எத்தனையோ அத்தனை சுத்து பினியன் சுத்தியே ஆகணும். எவ்ளோ அழகா இருக்கு பாருங்க. ஒரு ஸ்பேனர் கூட தேவையில்ல, ஒரு சாக்பீஸு போதும். பிடிச்சிருக்குறவரு கை நழுவி அந்தப் பக்க டிரம் சுத்திட்டா கணக்கு கெட்டுரும், முதல்ல இருந்து எண்ணணும். கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பாக்கட்டும், காசு நம்ம காசு.

சுத்தும்போதே காதையும் குடுங்க. கரகரன்னு வந்தா பேரிங் போயிருச்சு. ஃப்ளாஞ்சைப் பிடிச்சு மேல கீழ ஆட்டுனா ஆடுச்சுன்னா பினியன் பேரிங் போயிருச்சு, அதைச் சொல்லி விலையைக் கொறைங்க.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்த ஜீப்போட டிஃபரன்ஷியல் உருண்டை ஆக்ஸிலுக்கு நடுவுல இருக்காது, வலது பக்கம் தள்ளி இருக்கும், ஏன்னா ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து ஷாஃப்ட் வெளிய வர்றதே வலது பக்கமாத்தான். வேற வண்டியோட, நடுவுல உருண்டை இருக்குற பின் ஆக்ஸிலை கொண்டுவந்து வெல்டு பண்ணி மாட்டுனா ஷாஃப்ட் பக்கவாட்டுல கோணலா ஓடும், அதிர்வு வரும், ஜாயிண்ட் சீக்கிரம் தேயும்.

சேஸிஸ்க்கு ஒரு வார்த்தை: குறுக்கு மறுக்கா நூல் பிடிச்சு அளங்க, ரெண்டு மூலைவிட்டமும் ஒண்ணா இருக்கணும், ஸ்பிரிங் மாட்டுற எடத்துலயும் ஸ்டியரிங் பாக்ஸ் உக்கார்ற எடத்துலயும் வெடிப்பு இருக்கான்னு கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சுப் பாருங்க.

பிரேக்கு. இதுல நான் பிடிவாதமா சொல்றேன், பிரேக்குல பழைய சாமான் வேண்டவே வேண்டாம். பழைய ஜீப்புல ஒரே சர்க்யூட்தான், அதாவது நாலு சக்கரத்துல எந்த ஒரு வீல் சிலிண்டர்ல ஆயில் ஒழுகுனாலும் மிதி தரைக்குப் போயிரும், நாலுலயும் பிரேக் இருக்காது. மலையில இறங்கும்போது அது நடந்தா? டிரம் நல்லா இருந்தா கடைஞ்சு போட்டுக்கலாம். ஹோஸு, ரப்பர் கிட்டு, வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், பைப்பு, எல்லாம் புதுசு போடுங்க. பெயிண்ட்ல மிச்சம் பிடிச்சு இதுல போடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டு கேட்டுக்கறேன்.

கடைசியா ஆர்சி. மஹாராஷ்டிராவுல சாங்க்லி மாவட்டம் தேவராஷ்ட்ரே கிராமத்துல தத்தாத்ரேய லோஹார்னு ஒருத்தர், இரும்புப் பட்டறை வச்சிருக்குறவரு, பழைய சாமானை வச்சு சுமார் 60,000 ரூபாயில ஒரு குட்டி ஜீப்பு பண்ணாரு. பைக்கு மாதிரி கிக்கர் உதைச்சு ஸ்டார்ட் பண்ற வண்டி! 2021 டிசம்பர்ல அந்த வீடியோவைப் பாத்து ஆனந்த் மஹிந்திரா பாராட்டுனாரு, கூடவே விதிக்கு ஒத்து வராததால இதை ரோட்டுல ஓட்ட அதிகாரிங்க விடமாட்டாங்க, இதைக் குடுங்க நான் ஒரு பொலேரோ தர்றேன்னு சொன்னாரு, அடுத்த மாசமே குடுத்துட்டாரு. அவரோட படைப்பை செங்கல்பட்டு பக்கம் இருக்குற 'மஹிந்திரா ரிசர்ச் வேலி'ங்கற அவங்க ஆராய்ச்சி மையத்துக்கு எடுத்துக்கறோம்னு சொன்னாங்க. அந்த மனுஷன் கைக்கு எவ்ளோ பாராட்டும் தகும்.

ஆனா ஆனந்த் மஹிந்திரா சொன்ன அந்த விதி நம்ம எல்லாருக்கும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி என்ன அமைப்புல குடுத்துச்சோ ஆர்சி-ல என்ன இருக்கோ அதுல இருந்து மாத்தக்கூடாதுங்குது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லிடுச்சு. அதனால பேப்பர் இருக்குற வண்டியை முதல்ல பிடிங்க, அப்புறம் அதுக்குப் பாகம் தேடுங்க. 'சேஸிஸ் சும்மா தர்றேன், பேப்பர் வேற வண்டியோடது போட்டுக்கலாம், நம்பரை வெட்டி ஒட்டிக்கலாம்'னு யாராச்சும் சொன்னா அந்தக் கடைப் பக்கமே திரும்பாதீங்க, அது குற்றம், வண்டியும் போகும் நீங்களும் மாட்டுவீங்க. இஞ்சின் மாத்தணும்னா மாத்துறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்குங்க.

அடுத்த வீடியோ முன் ஆக்ஸில் நக்கிள்ல, அதாவது முன் சக்கரம் திரும்புற மூட்டுல இருந்து கிரீஸ் ஒழுகுறது பத்தி. அந்த உருண்டையில துரு ஏறி குழி விழுந்திருந்தா எத்தனை சீல் மாத்துனாலும் ஒழுகத்தான் செய்யும், அதை எப்படி சரி பண்றதுன்னு பிரிச்சுக் காட்டுறேன். மலைப்பகுதியில ஜீப்பு ஓட்டுற அண்ணன்மாரு யாராவது இதைப் பாத்துட்டு இருந்தீங்கன்னா, உங்க வண்டியில இந்த 16 சுத்து கணக்கைப் போட்டுப் பாத்து, முன்னாடி எவ்ளோ பின்னாடி எவ்ளோன்னு கீழ எழுதுங்கண்ணே, வண்டி எந்த வருஷம்னும் சேத்து எழுதுங்க.