மரக்கானாவின் தரை டிக்கெட்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் எடுத்துப் படம் பார்த்தவர்கள் சிலராவது இப்போது கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மணலைக் கூட்டி மேடாக்கி, அதன்மேல் உட்கார்ந்தால்தான் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. பெஞ்சும் நாற்காலியும் பின்னால். ஆனால் விசில் முதலில் எங்கிருந்து கிளம்பும்? தரையிலிருந்துதானே!

கால்பந்து மைதானம் ஒன்றிலும் அப்படி ஒரு தரை டிக்கெட் இருந்தது. பிரேசிலில், ரியோ டி ஜெனிரோ நகரின் மரக்கானா மைதானத்தில். ‘ஜெரால்’ என்பார்கள், ‘பொது’ என்று பொருள். ஆடுகளத்தைச் சுற்றி, எல்லா வரிசைகளுக்கும் கீழே இருந்த இடம். இருக்கை கிடையாது, நின்றுதான் பார்க்க வேண்டும். மழை வந்தால் நனைய வேண்டும். கண் கிட்டத்தட்ட புல்தரை மட்டத்தில் இருப்பதால் ஆட்டக்காரர்களின் கால்கள் தெரியும், பந்து எந்த மூலையில் இருக்கிறதென்று தெரியாது. அதனால் பலர் காதோடு டிரான்சிஸ்டர் வைத்திருப்பார்கள். யோசித்துப் பாருங்கள், மைதானத்துக்குள்ளேயே நின்றுகொண்டு, கண்முன் நடப்பதை வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்வது! வானொலி நிலையத்தில் உட்கார்ந்து இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

சரி, மைதானத்தின் கதைக்கு வருகிறேன். 1950 உலகக் கோப்பைக்காக, பழைய குதிரைப் பந்தயத் திடல் இருந்த இடத்தில் 1948 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. ஊருக்கு வெளியே கட்டினால் போதும் என்று அரசியல்வாதிகள் சிலர் சொன்னார்கள். இல்லை, நகரத்துக்குள்தான் வேண்டும் என்று பத்திரிகையில் எழுதி எழுதிப் போராடியவர் மாரியோ ஃபில்யோ என்ற விளையாட்டுச் செய்தியாளர். மைதானத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் இன்று அவர் பெயர்தான். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயரான மரக்கானாதான் நிலைத்துவிட்டது.

1950 ஜூலை 16. பிரேசிலும் உருகுவேயும் மோதின. சமன் செய்தாலே கோப்பை பிரேசிலுக்கு. டிக்கெட் எடுத்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். உள்ளே இருந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் என்பார்கள். பிரேசில் முதல் கோல் போட்டது. உருகுவே சமன் செய்தது. 79-ஆவது நிமிடம், உருகுவேயின் கிஜியா வலப்பக்கமாக ஓடி வருகிறார். பிரேசில் கோல்கீப்பர் பார்போசா, கிஜியா பந்தை நடுவில் தள்ளிவிடுவார் என்று நினைத்து ஓரடி முன்னால் நகர்கிறார். அந்த ஓரடி இடைவெளியில், கம்பத்தை ஒட்டிப் பந்து உள்ளே போய்விட்டது. இரண்டு லட்சம் பேர் இருந்த இடத்தில் சத்தமே இல்லை.

அந்த ஓரடிக்காகப் பார்போசாவை சாகும்வரை ஊர் மன்னிக்கவில்லை. அவர் 2000-இல் இறந்தார், ஐம்பது வருடம்! நான் இந்தக் கதையை எங்கே பேசப் போனாலும் சொல்லிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் மைதானத்தின் பழைய மர கோல் கம்பங்களை மாற்றியபோது அவற்றை அவருக்கே கொடுத்தார்களாம். அவர் அவற்றை விறகாக்கி, இறைச்சி சுட்டு நண்பர்களுக்கு விருந்து வைத்தாராம். ‘ஆம்’ போட்டுத்தான் சொல்கிறேன். நடந்ததோ இல்லையோ, நடந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பெலே தன் ஆயிரமாவது கோலை 1969-இல் பெனால்டியாக அடித்ததும் இதே மைதானத்தில்தான். அதைச் சொல்லப் புகுந்தால் நேரம் போய்விடும்.

இனி புதுப்பிப்பு. 1992-இல் மேல்தளத்தின் தடுப்புக் கம்பி பெயர்ந்து மூன்று பேர் இறந்தார்கள். மைதானம் தேய்ந்துபோயிருந்தது என்பதில் சந்தேகமே இல்லை. பழையதே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வேலையிலும் இருக்கைகள் வந்தன, கூட்டம் குறைந்தது. 2005-இல் ஜெராலை மூடிவிட்டார்கள். அங்கேயும் நாற்காலி போட்டாயிற்று. பாதுகாப்பு சரி. ஆனால் குறைந்த காசுக்கு உள்ளே வந்தவர் எங்கே போவார்? தரை டிக்கெட்டை எடுத்துவிட்டால் விசில் அடிப்பவர் யார் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

அங்கே கையைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். 2010 முதல் 2013 வரை நடந்த பெரிய வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: பழைய கான்கிரீட் கூரையை இடித்துவிட்டு, கம்பிவடங்களில் இழுத்துக் கட்டிய மெல்லிய கூரை போட்டார்கள். இரண்டு தளங்கள் ஒரே சரிவாயின. வெளித்தோற்றம் மட்டும் பழையபடி. சுமார் 78,000 இருக்கைகள், அநேகமாக எல்லாவற்றுக்கும் நிழல். 2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெர்மனி அர்ஜென்டினாவை வென்றது அங்கேதான். தொலைக்காட்சியில் பார்த்தேன். கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் டிரான்சிஸ்டரைத் தேடினேன். ஒன்றும் கண்ணில் படவில்லை.

நன்றி நேயர்களே, வணக்கம்.